கொண்டுவந்து சேர்த்தவர்

கிராம நிர்வாக அலுவலர் பதினோரு மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ராசாத்தி எட்டு மணிக்கே ஆற்றங்கரைக்கு வந்து நின்றுவிட்டாள். காரைக்கால்மேட்டு ஏலக்கூடத்தில் அன்றைக்கு இறால் வரத்து அதிகம். உரிக்க ஆள் பற்றாமல், அவளுக்கு வேலை கொடுக்கும் காசியம்மா வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பாள். ஏசினால் ஏசட்டும். இந்த ஆளைத் தவறவிட்டால் இன்னும் ஒரு மாதம் அலைய வேண்டும்.

மார்கழிக் கடைசி. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. அரசலாறு கலங்கிப் போய், ஆகாயத்தாமரைக் கொத்துகளைச் சுமந்துகொண்டு கடலைப் பார்க்க நகர்ந்தது. கரை நெடுகச் சிமெண்டுச் சுவர், சுவரை ஒட்டி நடைபாதை, முப்பது தப்படிக்கு ஒரு இரும்பு பெஞ்சு. அவள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. எதிர்க்கரையில் ஒரு தென்னை ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும். அதற்கு நேராக வந்து நின்று, இதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

அலுவலர் பன்னிரண்டரைக்கு வந்தார். சின்ன வயசுதான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்.

"கருப்பையன் வீடு எதும்மா?"

"இதாங்க."

"எது?"

"இந்த பெஞ்சு கெடக்குதுல்ல, அதாங்க. பெஞ்சுக்கு அந்தாண்ட அடுப்பு. இந்தாண்ட வாசப்படி. இருவது வருசம் இருந்தோங்க."

அவர் பெஞ்சைப் பார்த்தார். ஒரு நாய் அதன் கீழே சுருண்டு படுத்திருந்தது.

"ஆதார் மனுவுல இந்த விலாசத்தப் போட்டிருக்கீங்க. ஆள் இங்க குடியிருக்காரான்னு நான் நேர்ல பாத்து எழுதணும். பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்குப் புதுசா எடுக்கறதுன்னா அப்படித்தான் ரூல்."

"ஆள் இருக்காருங்க. காரைக்கால்மேட்டுல வலைக் கொட்டகையில கெடக்குறாரு. தொடை ஒடிஞ்சு எந்திரிக்க முடியல. நீங்க வண்டிய விடுங்க, நான் பின்னாடியே ஓடியாறேன். கண்ணால பாத்துட்டு எழுதுங்க."

"அது யாரு கொட்டகை?"

"மீனவங்க பஞ்சாயத்துதுங்க. மழைக்காக ஒரு ஓரமா ஒதுங்கச் சொல்லியிருக்காங்க."

"அவங்க எழுத்து குடுப்பாங்களா? டோர் நம்பர் ஏதாச்சும் இருக்கா?"

"கதவே கெடயாதுங்க அதுக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த தாளை வண்டி இருக்கையில் வைத்து எழுதினார். என்ன எழுதினீங்க என்று கேட்டாள். படித்துக் காட்டினார்: 'மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் வசிக்கவில்லை.'

"நான் பொய் எழுத முடியாதும்மா," என்றார்.

அது பொய்யில்லை என்பதுதான் ராசாத்திக்கு உறைத்தது.

கருப்பையன் திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டில் பிறந்தவன். பிறப்பைப் பதிந்தவர் இல்லை, பள்ளிக்கூடம் போகவில்லை. ராசாத்திக்குப் பொறையாறு பக்கம். நடவுக்கு வந்த இடத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல, ஒரு கோயில் வாசலில் தாலி கட்டிக்கொண்டு இந்தக் கரையில் வந்து குடிசை போட்டார்கள். பிள்ளை இல்லை. ஊரெல்லாம் ஆதார் எடுத்த காலத்தில் அவன் துறைமுகத்துப் பக்கம் சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். விரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. கையைக் கழுவிட்டு வா, எண்ணெய் தேய்ச்சுட்டு வா, அடுத்த வாரம் வா என்று மூன்று தடவை அனுப்பினார்கள். நாலாவது தடவை அவன் போகவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு விரல்ரேகையைத் தேடிக்கொண்டு எத்தனை தரம்தான் போவான்?

ராசாத்திக்கு ஆதார் உண்டு. அது அப்பன் வீட்டுப் பழைய ரேசன் கார்டில் பெயர் இருந்ததால் அந்த விலாசத்தில், அப்பன் பெயரோடு, தமிழ்நாட்டில் எடுத்தது. பொறையாறு அரை மணி நேரப் பஸ்தான். ஆனாலும் வேறு மாநிலம், காரைக்கால் ஆபீசுகளில் அவள் வெளியூர்க்காரி. இவளுக்கு ஏழைகளுக்கான சிவப்பு ரேசன் கார்டு தர முடியாது, அவனுக்கு ஆதார் இல்லாமல் கார்டு தர முடியாது. நடைபாதைக்காகக் கரையில் குடிசைகளை அகற்றியபோது சிவப்பு கார்டு வைத்திருந்த பதினோரு குடும்பத்துக்கும் மனை கொடுத்தார்கள். இவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கப்புறம் சந்தைக் கொட்டகை, மூடிக்கிடந்த கல்யாண மண்டபத்துப் படிக்கட்டு, கடைசியில் காரைக்கால்மேடு.

அங்கே ராசாத்தி இறால் உரித்தாள். கருப்பையன் படகுகளுக்கு ஐஸ் பார் ஏற்றினான். ஐப்பசியில் ஒரு விடியலில் மீன் கழுவிய வழுக்கலில் கால் வாரி, தோளிலிருந்த ஐஸ் பார் தொடைமேல் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். தகடு வைக்க வேண்டும், காப்பீட்டில் செய்துவிடலாம், கார்டு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காப்பீட்டுக் கவுண்டரில் பிரதீபா என்று ஒரு பெண். கத்தாமல் பேசுவாள்.

"நீங்க அவரோட ஒய்ஃபா?"

"ஆமாங்க."

"உங்க ஆதார்ல அவர் பேரே இல்லையேம்மா. சரி, அவர் ஆதார் குடுங்க."

மூன்று முறை இதே பேச்சு நடந்தது. மூன்றாம் முறை பிரதீபா எழுந்து வந்து, "எனக்கு மனசில்லாம இல்லம்மா, நம்பர் போடாம இந்தக் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போவாது," என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். ராசாத்தி பார்த்தாள். ஒரு கட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரையிலிருந்து அவள் திரும்பியபோது உச்சி தாண்டிவிட்டது. காசியம்மா எரிச்சலாகத்தான் இருந்தாள். மீன் எடுத்து விற்கிற பொம்பிளை, ஐந்து பேருக்கு வேலை கொடுப்பவள், வாய் கடல் மாதிரி.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? அரைக்கூடை இறாலு வெயில்ல நாறிப்போச்சு."

"வி.ஏ.ஓ. வந்தாருக்கா."

"என்ன சொன்னான்?"

"அந்த விலாசத்துல இல்லன்னு எழுதிட்டாரு. கொட்டகைக்கு உங்க பஞ்சாயத்துல எழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு."

காசியம்மா கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டாள். "நான் போன வாரமே தலைவருகிட்ட கேட்டுட்டேன்டி. ஒங்கிட்ட சொல்லல. வரி கட்டுற குடும்பத்துக்குத்தான் எழுத்துங்கறாரு. உன்னைக் குத்தம் சொல்லல. இன்னைக்கு ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு ரோட்டுல போறவன்லாம் வந்து நிப்பாங்கறாரு." சற்று நிறுத்தி, "மழை முடியிறவரைக்கும் கெடக்கட்டும்னு சொன்னதே பெருசு," என்றாள். பிறகு தன் தூக்குச் சட்டியைத் திறந்து சங்கரா மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். "அந்தாளுக்குக் குடு. உரிச்சது போதும், போ."

கொட்டகையில் கருப்பையன் பழைய வலைக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் கிடந்தான். தகரத்தின்மேல் உப்புக்காற்று மணலை வாரி இறைத்தது. குழம்பு வாசனைக்குத் தலையைத் தூக்கினான்.

"என்ன புள்ள, கெடச்சுதா?"

"இல்லன்னு எழுதிட்டாரு."

"நான் இல்லன்னா?"

"அங்க இல்லன்னு."

"அது வாஸ்தவந்தான," என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தான். தின்று முடித்ததும் அவனைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். போன வாரம் எட்டணா அகலம் இருந்தது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சீழா எலும்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வலி என்று சொல்லவில்லை. வலி இல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கணினி மையத்துக்குப் போனாள். அங்கே நௌஷின் என்ற பெண்தான் அவளுக்கு மனுக்கள் எழுதிக்கொடுத்து வந்தவள். முதல் மனுவுக்கு மட்டும் கூலி வாங்கினாள், அப்புறம் கேட்பதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கூட்டம் கலையும்வரை ராசாத்தியை உட்கார வைத்தாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு தாயி."

"கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு காப்பகம் இருக்கு. அங்க இருக்கறவங்களுக்குப் பொறுப்பாளர் லெட்டர் குடுத்தா அதுவே விலாசம். விசாரிக்க வந்தாலும் கட்டடம் இருக்கும், நம்பர் இருக்கும், ஆளும் அங்கேயே இருப்பாரு. விரல் எடுக்காட்டி கண்ண வச்சு எடுத்துடலாம். அவங்களே ஆப்பரேசனுக்கும் கொண்டு போவாங்க."

"அப்ப இன்னைக்கே ரெண்டு பேரும் போயிடுறோம்."

"அது ஆம்பளைங்களுக்கு மட்டுங்கா." நௌஷின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதுவும் யாருமில்லாதவங்களத்தான் எடுப்பாங்க. பொண்டாட்டி இருக்கான்னா எடுக்க மாட்டாங்க."

ராசாத்தியின் கை தாலிக்கயிற்றுக்குப் போனது.

"பொய்தாங்கா. சொல்ல எனக்கே ஒரு மாதிரியா இருக்கு, அல்லா மன்னிக்கட்டும். ஆனா ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னு ஒரு பேப்பர்லயும் இல்ல. நான் எல்லாத்தையும் பொரட்டிப் பாத்துட்டேன். இல்லாததைத்தான் இல்லன்னு சொல்லப்போறீங்க."

ராசாத்தி அதை அப்படியே புருசனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான்.

"இருவத்தி மூணு வருசம் குடும்பம் நடத்திட்டு, ரோட்டுல கெடந்தவன்னு கொண்டுபோயி வுடப்போறியா?"

"கால் சரியாவட்டுங்க. அப்புறம் கூட்டியாந்துடுறேன்."

"எங்க கூட்டியாருவ?"

"எங்கயோ."

"போ புள்ள. பொண்டாட்டி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒன் வாயால நீயும் சொல்லக் கூடாது. செத்தா இங்கயே சாவுறேன்."

"சாவுறதுன்னா ஒங்களுக்குச் சுளுவு," என்று ராசாத்தி கத்திவிட்டாள். "புழு வைக்கப் போவுதுய்யா அந்தப் புண்ணு. நான்தான பொரட்டுறேன். நான்தான பாக்குறேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடக்குற."

அவன் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவள் போய்க் கடலோரத்தில் குந்தியிருந்துவிட்டு, படகுகள் திரும்பும் நேரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தவன், "சரி, கொண்டு போ," என்றான். "என்ன சொல்லணும்னு சொல்லிக் குடு. மறந்து தொலைச்சிடுவேன்."

இருவரும் பழகிப் பார்த்தார்கள். அவள் அதிகாரி போலக் கேட்க, அவன் பதில் சொல்லுவான். ஊர்? தெரியாதுங்க. கல்யாணம்? ஆவலைங்க. இந்தம்மா யாரு? இரண்டு தடவை அவன் அந்த இடத்தில் நின்றுவிட்டான். மூன்றாம் தடவை சொல்லிவிட்டான்.

ஆட்டோவுக்குக் காசியம்மாதான் ஏற்பாடு பண்ணி, தானும் கூட வந்தாள். போகும் வழியில் ராசாத்தி தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். காப்பகத்தின் பொறுப்பாளர் சிதம்பரநாதன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல மனுசன். சீழ் வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் கிட்டே குனிந்து பார்த்தார்.

"எங்க கெடந்தாரும்மா?"

"பஸ் ஸ்டாண்டுலங்க. நாலு நாளாக் கெடந்தாரு."

"உங்களுக்கு உறவா?"

"இல்லீங்க."

"ஐயா, உங்களுக்குக் குடும்பம், பிள்ளைங்க?"

"யாருமில்லீங்க," என்றான் கருப்பையன். சொல்லிக் கொடுத்ததைவிடச் சுத்தமாக, தடுமாறாமல் சொன்னான். காசியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சிதம்பரநாதன் ஒரு படிவத்தை நீட்டினார். 'கொண்டுவந்து சேர்த்தவர்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேராக ராசாத்தி கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். "இந்தக் காலத்துல யாரும்மா ரோட்டுல கெடக்கறவனைத் தூக்கியாருவா? நீங்க நல்லாருக்கணும்," என்றார் அவர். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நௌஷின் சொன்னது எதுவும் பிசகவில்லை. தை பிறந்து விசாரணைக்கு வந்தார்கள், ஆள் அந்த விலாசத்தில் இருக்கிறார் என்று எழுதினார்கள். மாசியில் ஆதார் வந்தது. அதை வைத்துக் காப்பீட்டு அட்டை வந்தது. ராசாத்தி ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கப் போனாள். புண்ணியத்துக்கு வருகிற பெண் என்று அவளை உள்ளே விட்டார்கள். கவிச்சி கொண்டு வரக் கூடாது என்றதால் இரண்டு வாழைப்பழம் கொண்டு போவாள். கூடத்தில் பன்னிரண்டு கட்டில். உதவியாள் எப்போதும் பக்கத்திலேயே இருப்பான்.

"எப்படி இருக்கீங்க?" என்பாள்.

"நல்லா இருக்கேம்மா. புண்ணு ஆறுது. நீங்க சாப்ட்டீங்களா?" என்பான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த 'நீங்க' அவளுக்குள் முள்ளாய்க் கிடக்கும். ஆனாலும் புண் ஆறுகிறதே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

பங்குனியில் ஆப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். ராசாத்தி விடிகாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். தள்ளுவண்டியில் அவனைக் காப்பீட்டுக் கவுண்டருக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள், பக்கத்தில் சிதம்பரநாதன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடத்தான் வந்தாள். ஆனால் போர்வை நழுவி அவன் கால் வெளியே தெரிந்தது. கிட்டே போய் இழுத்து மூடினாள். அப்போதுதான் பிரதீபா கவுண்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

"அட, நீங்களா? ஒருவழியா ஆதார் எடுத்துட்டீங்களா?" என்று சந்தோசமாகச் சொன்னவள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். காப்பகத்து விலாசம், ஆதரவற்றவர், குடும்பத்தார் எவருமில்லை. அவள் முகம் மாறியது.

"சார், இந்தம்மா இவரோட..."

சிதம்பரநாதன் திரும்பிப் பார்த்தார். "இவங்கதான் இவரைக் கொண்டுவந்து சேர்த்தவங்க. ஏன்? உங்களுக்குத் தெரியுமா?"

பிரதீபா தள்ளுவண்டிப் பக்கம் குனிந்தாள். "ஐயா, இவங்க உங்களுக்கு யாரு?"

ராசாத்தியின் கை இன்னும் போர்வை ஓரத்தில் இருந்தது. கருப்பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தலை முதல் கால் வரை, முதல்முறை பார்ப்பவனைப் போல நிதானமாகப் பார்த்தான். ஒரு கணம் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் நல்லது என்றும், சொல்லிவிடக் கூடாதே என்றும் ஒரே மூச்சில் நினைத்தாள்.

"தெரியாதுங்க," என்றான். "நல்ல பொம்பள. பாக்க வருவாங்க. மத்தபடி தெரியாது."

பிரதீபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தாளில் முத்திரையை அழுத்திவிட்டு, குனிந்த தலை நிமிராமல், "கூட ஒரு ஆள் போதும். மத்தவங்க வெளிய இருங்க," என்றாள்.

ராசாத்தி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வார்டுப் பணியாள் வந்து, "கருப்பையன் கூட வந்தவங்க யாரு?" என்று கூவினான். அவள் எழுந்தாள். அதற்குள் காப்பக உதவியாள் ஓடிப்போய், "நான்தாங்க," என்றான். அவள் நின்றபடியே சேலையை உதறிக்கொண்டு, மாலை ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

தகடு வைத்தார்கள். நாள் கடந்துவிட்டதால் எலும்பு நேராகச் சேரவில்லை, கால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. சித்திரைக் கடைசியில் வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடந்தான். அன்றைக்கு ராசாத்தி சிதம்பரநாதனின் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ரவிக்கைக்குள்ளிருந்த தாலியை எடுத்துக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நம்புறேம்மா," என்றார். "ஆனா நான் நம்பி என்ன பண்றது? ஒரு ஆளை வெளிய விடணும்னா உறவுக்காரங்க கையில ஒப்படைச்சேன்னு எழுதணும். உறவுன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?"

"இல்லீங்க."

"எந்த விலாசத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

மீனவர் பஞ்சாயத்தார் போன மாதமே கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஏலக்கூடத்து ஓரத்தில் மீன்பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறாள்.

"இதை வெளிய சொன்னா, பொய் சொல்லி ஆப்பரேசன் பண்ணிக்கிட்டாருன்னு அவர்மேலதான் கேஸ் வரும். காப்பகத்தையும் கேப்பாங்க. இங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்கம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "வந்து பாத்துட்டுப் போங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

"நான் ஒரு எடம் புடிச்சிட்டு வாறேங்க," என்றாள். கதவு நம்பர் உள்ள ஓர் அறைக்கு வாடகைச் சீட்டு எழுதித் தர இரண்டு மாதமாக யார் யாரையோ கேட்டாள். தலத்தெருவில் ஒரு வீட்டுக்காரர் இடம் காட்டினார், உள்ளூர் அடையாள அட்டை இருந்தால் வா என்றார். நௌஷின் அவளுடைய ஆதாரில் விலாசம் மாற்ற முயன்றாள். மாற்றுவதற்கும் கம்ப்யூட்டர் விலாசத்துக்குச் சான்று கேட்டது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அனல்காற்றில் கோட்டுச்சேரி நிறுத்தத்திலிருந்து நடந்து போனாள். கூடம் காலியாக இருந்தது. மற்றவர்களை யாரோ கொடுத்த விருந்துக்குப் பின்கட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள், உதவியாளும் அங்கேதான் இருந்தான். கருப்பையன் மட்டும் நடக்கச் சிரமப்பட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான், முகம் மழித்திருந்தது, கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இருவரும் தனியாக இருந்தார்கள். அவள் நடையை எட்டிப் போட்டு அவனிடம் வந்தாள்.

"வாங்கம்மா," என்றான். "வெயில்ல வந்துருக்கீங்க. உக்காருங்க."

யாராவது பின்னால் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். ஒருவருமில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எதையும் மறைக்கவில்லை, நடிக்கவுமில்லை. பழகிப்போய் அவனுக்கு வாயில் அப்படித்தான் வந்தது.

"யாருமில்லீங்க," என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "புண்ணு ஆறிடுச்சா?"

"நல்லா ஆறிடுச்சும்மா," என்றான்.